நிழலில் எது வளர்கிறது? சேலம் அஸ்தம்பட்டி முதல் ஏற்காடு வரை மூன்று பேர் எழுதியது

அஸ்தம்பட்டியிலிருந்து:

எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்பது ஒற்றை மாமரம். தோட்டம் முழுவதும் அதன் ஆட்சிதான். ரோஜாவுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும் என்பதால் அந்த ஆசையை எப்போதோ விட்டுவிட்டேன். நர்சரிக்காரர்கள் "நிழல்தானே, வரும்" என்று எதையும் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆனால் நிழலிலும் வகை இருக்கிறது. வடக்குச் சுவர் ஓரத்தில் மண் ஈரம் காக்கும். அங்கே பெரணியும் சேம்பும் தளதளவென்று நிற்கின்றன. மாமரத்தடியோ வறண்ட நிழல். ஊற்றுகிற தண்ணீரை மரத்தின் வேர் முந்திக்கொள்ளும். அங்கே தரையைக் கொத்தாமல் தொட்டிகளாகவே வைத்திருக்கிறேன். வறட்சி தாங்கும் மருள் (ஸ்னேக் பிளான்ட்) தான் அந்த இடத்துக்கு ராஜா.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. மாம்பூ பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி வந்தால், அடியில் இருக்கும் செடிகளின் இலையைத் தொட்டுப் பாருங்கள், விரல் ஒட்டும். பூச்சி கழிக்கும் இனிப்பு நீர் அது. சில நாளில் அதன்மேல் அடுப்புக்கரி பூசியதுபோல் கரும்பூசணம் படரும். செடிக்கு நோய் என்று பயந்து மருந்தடிக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். ஏற்கெனவே வெளிச்சம் குறைந்த இடம், அந்தக் கறுப்பும் மூடினால் செடி எதைத் தின்று வாழும்?

ஏற்காட்டிலிருந்து:

அக்கா, எங்கள் ஊரில் காப்பியே நிழலை நம்பிய பயிர்தான். எத்தியோப்பியக் காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த இனம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இதைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். இப்போது தோட்டங்களில் சில்வர் ஓக் குடை பிடிக்கிறது, அதன்மேல் மிளகுக்கொடி ஏறுகிறது. ஆனால் நிழலையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். மேலே அடர்ந்துவிட்டால் காப்பி இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், பூ மட்டும் வராது. அதனால்தான் நிழல் மரத்துக்கும் கவாத்து, அதாவது கிளை கழிப்பது, உண்டு.

சுற்றுலா வருகிறவர்கள் இங்கிருந்து ஹைட்ரேஞ்சியாவையும் பிகோனியாவையும் ஆசையாக வாங்கிப் போகிறார்கள். இங்கே உயரம் 1,500 மீட்டரை ஒட்டி. கீழே சேலம் 300 மீட்டர்கூட இல்லை. நிழல் வெயிலைத்தான் தடுக்கும், சித்திரை மாத இரவுப் புழுக்கத்தை என்ன செய்யும்? வண்டியில் ஏற்றும்போதே அந்தச் செடிக்காகப் பரிதாபப்படுவேன்.

சேலம் சூரமங்கலத்திலிருந்து:

குரோட்டன்ஸை ஆழ்ந்த நிழலில் வைத்தால் சாகாது, ஆனால் நிறம் வெளுத்துப் பச்சையாகிவிடும். காலை வெயில் கொஞ்சம் படட்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் டிஃபன்பேக்கியா என்ற அலங்காரச் செடி வேண்டவே வேண்டாம். மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். மணி பிளான்டையும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

மீண்டும் அஸ்தம்பட்டியிலிருந்து:

ஏற்காட்டுத் தம்பி சொன்ன கவாத்து நல்ல யோசனை. காய் பறித்து முடிந்ததும் ஆடியில் ஆள் வைத்து உட்கிளைகளைக் கழிக்கப்போகிறேன். கொஞ்சம் வெளிச்சம் இறங்கினால் பெரிய தொட்டியில் வெற்றிலைக்கொடி வைக்கலாம். கொடிக்காலிலேயே அதை அகத்தி நிழலில்தானே வளர்க்கிறார்கள். கிளை போனால் மாவடு குறையும் என்று மாமியார்தான் இப்போதே முறைத்துக்கொண்டிருக்கிறார்.