அம்மாவின் முழங்கால் வலிக்கு லாவெண்டர்: குணம் தருவது மணமா, கையா?

மாலைநேரம்:
அம்மாவுக்கு வயது 78. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். நான்கு மாதமாக, படுக்கப் போகும் முன் சாதாரண எண்ணெயில் லாவெண்டர் சில சொட்டு கலந்து இருபது நிமிடம் காலில் தடவிவிடுகிறேன். முன்பெல்லாம் நடுராத்திரியில் வலி மாத்திரை கேட்பார். இப்போது பல நாள் கேட்பதே இல்லை. முகமும் தெளிந்திருக்கிறது. அண்ணனோ, "வீண் வேலை, நிறுத்து" என்கிறார். வயதானவர்களுக்கு நறுமண சிகிச்சை உதவுகிறது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

கேள்விக்குறி:
மறுக்கிறேன். அம்மா தேறியிருப்பதை அல்ல, எதனால் தேறினார் என்பதை. பெற்ற பிள்ளை தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டால் யாருக்குத்தான் சுகமாக இருக்காது? அப்புறம், மணம் வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் மூக்கு வேலை செய்ய வேண்டும். 1984இல் வெளிவந்த, மோப்ப ஆய்வாளர் ரிச்சர்ட் டோட்டி குழுவின் ஆய்வில், 65 முதல் 80 வயது வரை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும், 80ஐத் தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மோப்பத்திறன் பெரிதும் குறைந்திருந்தது.

மாலைநேரம்:
அம்மாவுக்கு மணம் தெரிகிறது. பாட்டிலைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் சுற்றிப் போகின்றன. மணம் நேராக அமிக்டலாவுக்கே போகிறது, உணர்ச்சிகள் பிறக்கும் இடத்துக்கு. வலி மூட்டில் மட்டுமா இருக்கிறது? பயமும் தூக்கமின்மையும் அதை இரட்டிப்பாக்குகின்றன. 2002இல் பிரிட்டனில் டிமென்ஷியா என்ற மறதி நோய் முற்றிய 72 பேரிடம், மெலிசா என்ற மணச்செடியின் எண்ணெயைச் சோதித்தார்கள். நான்கு வாரத்தில் பதற்றம் 35 சதவீதம் குறைந்தது. சூரியகாந்தி எண்ணெய் பூசியவர்களுக்கு 11 சதவீதம்தான். இதற்கு என்ன பதில்?

கேள்விக்குறி:
அதே மெலிசாவை 2011இல் வெளியான இன்னொரு ஆய்வு, மறதி நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையோடும், மருந்தே இல்லாத வெறும் எண்ணெயோடும் (பிளாசிபோ) ஒப்பிட்டது. யாருக்கு எந்த எண்ணெய் என்று மணம் காட்டிக்கொடுக்காமலிருக்க, மதிப்பிடுபவர்களின் மூக்கில் கிளிப் போட்டார்கள். மூன்று குழுவுக்கும் வேறுபாடு இல்லை. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு டிமென்ஷியா பற்றிய 13 ஆய்வுகளை, 708 பேரை, சேர்த்துப் பார்த்தும் நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை.

மாலைநேரம்:
மூன்று குழுவுமே நன்றாகத் தேறியதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கேள்விக்குறி:
விடவில்லை, என் வாதமே அதுதான். வெறும் எண்ணெய் பூசியவர்களும் தேறினார்கள் என்றால், லாவெண்டர் இல்லாமலும் உங்கள் கை போதும்.

இரவுப்பணி:
முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். இருவரும் பேசாத ஒன்று உண்டு. மாலைநேரம், அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? வேறு தைலமும் தடவுகிறீர்களா? வலித் தைலங்களில் சேர்க்கப்படும் விண்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். அது ஆஸ்பிரினின் உறவு, தோல் வழியே உள்ளே போகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு வரை கொண்டுபோய்விடும். அதை யாராவது குடித்துவிட்டால், ஒரு தேக்கரண்டியே இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். கண்பார்வை மங்கியவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் பாட்டில்களை மருந்துப் பெட்டியோடு வைக்கவே கூடாது.

மணத்தைப் பற்றியும் சொல்கிறேன். பேச்சு நின்றுபோன ஒரு பாட்டிக்கு லாவெண்டர் வைத்தோம். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிக்கவில்லை என்பது எங்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

மாலைநேரம்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பகலில் அவராகவே தடவிக்கொள்ளும் தைலத்தில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. வார்ஃபரினும் சாப்பிடுகிறார். தைலத்தை நிறுத்திவிட்டேன், காலையில் மருத்துவரைக் கேட்கிறேன். மிக்க நன்றி அக்கா.

ஆனால் கேள்விக்குறி, லாவெண்டரை நான் விடப்போவதில்லை.

கேள்விக்குறி:
விட வேண்டாம். இரண்டு வாரம் வெறும் எண்ணெய், இரண்டு வாரம் லாவெண்டர் என்று மாற்றிப் பாருங்கள். கை அதே கை, நேரம் அதே இருபது நிமிடம்.

மாலைநேரம்:
அம்மாவிடம் சொல்லாமல் செய்ய மாட்டேன். அவர் சம்மதித்தால் சரி. நடுவில் மணம் வேண்டுமென்று கேட்டால் அன்றே கலந்துவிடுவேன்.

இரவுப்பணி:
வலிக்கு எத்தனை மதிப்பெண் என்று மட்டும் கேட்காதீர்கள், பெரியவர்கள் நம் மனம் நோகாமல் குறைத்தே சொல்வார்கள். இரவில் எத்தனை முறை எழுகிறார், மாத்திரை எத்தனை என்று குறித்து வையுங்கள்.