ஒரே நாட்டு அணிகள் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் மோதியபோது ஆட்டம் திரும்பிய இடங்கள்

2014 மே 24, லிஸ்பன். ரியல் மாட்ரிட், அட்லெட்டிகோ மாட்ரிட். ஒரே ஊர் கிளப்புகள் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மோதியது அதுதான் முதல் தடவை. அந்த ஆட்டம் என்றாலே ராமோஸின் 93-வது நிமிட ஹெட்டரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அட்லெட்டிகோவின் கையிலிருந்து கோப்பை நழுவ ஆரம்பித்தது 9-வது நிமிடத்தில்.

ஒரு வாரத்துக்கு முன்புதான் பார்சிலோனா மைதானத்தில் 1-1 டிரா எடுத்து லீக் பட்டம் வென்றிருந்தார்கள். அந்த ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே டியேகோ கோஸ்டாவுக்குப் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அது ஏழு நாளில் ஆறுகிற காயமே இல்லை. நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் வலி தெரியாது. முழு வேகத்தில் காலை நீட்டும்போதுதான் காட்டிக்கொடுக்கும். அட்லெட்டிகோ பயிற்சியாளர் சிமியோனே அவரைத் தொடக்க அணியில் இறக்கினார். 9-வது நிமிடத்தில் கோஸ்டா வெளியே, அட்ரியான் உள்ளே. அன்றைய விதிப்படி மொத்தம் மூன்று மாற்றங்கள்தான், எக்ஸ்ட்ரா டைம் (கூடுதல் 30 நிமிடம்) போனாலும் அவ்வளவுதான். மீதி ஆட்டம் முழுவதற்கும் கையில் இரண்டு.

36-வது நிமிடத்தில் கோடின் கோல். கார்னரில் வந்த பந்தை ரியல் சரியாக வெளியேற்றவில்லை. ஹுவான்ஃப்ரான் தலையால் திருப்பி உள்ளே அனுப்ப, ரியல் கோல்கீப்பர் கசியாஸ் கோல்கோட்டை விட்டு வெளியே வந்து பாதி வழியில் மாட்டிக்கொண்டார். ரியல் பக்கமும் ஓர் ஓட்டை இருந்தது. சாபி அலோன்சோவுக்குத் தடை. அவர் இடத்தில் ஆடிய கெதீரா முழங்கால் அறுவைக்குப் பிறகு அப்போதுதான் திரும்பியிருந்தார். ரியல் பயிற்சியாளர் ஆன்செலாட்டி 59-வது நிமிடத்தில் இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தார்: கெதீராவுக்குப் பதில் இஸ்கோ, கோயென்ட்ராவுக்குப் பதில் மார்செலோ. அதிலிருந்து இடது ஓரத்தில் தொடர்ந்து அழுத்தம். அந்தப் பக்கத்தைக் காத்த ஹுவான்ஃப்ரான் மேலே ஏறவே முடியவில்லை.

அட்லெட்டிகோவில் 66-ல் ரவுல் கார்சியாவுக்குப் பதில் சோசா. 83-ல் ஃபிலிப்பி லூயிஸால் தொடர முடியாமல் போக, ஆல்டர்வெய்ரெல்ட். மூன்றும் தீர்ந்தன. கால் களைத்த அணி பந்தை வெளியேற்றினால் அது நடுக்கோட்டைத் தாண்டாது, திரும்ப வந்துகொண்டே இருக்கும். அப்படித்தான் கார்னர்கள் குவிந்தன. கடைசியில் மோட்ரிச் அடித்த கார்னர், ராமோஸ் தலை, 1-1.

எக்ஸ்ட்ரா டைமில் ஹுவான்ஃப்ரான் நொண்டிக்கொண்டே ஆடினார்; மாற்ற ஆளில்லை. 110-வது நிமிடத்தில் டி மரியா அந்த ஓரமாகத்தான் வெட்டிக்கொண்டு நுழைந்தார். அட்லெட்டிகோ கோல்கீப்பர் குர்துவா காலால் தடுத்தார், எகிறிய பந்தை பேல் தலையால் முடித்தார். அப்புறம் மார்செலோ, ரொனால்டோ பெனால்டி. 4-1 என்ற ஸ்கோர் அட்லெட்டிகோவுக்குப் பெரிய அநியாயம். அந்த சீசனில் இறுதிவரை சாம்பியன்ஸ் லீக்கில் ஒரு ஆட்டமும் தோற்காதவர்கள் அவர்கள்.

*

மாற்றங்கள் தீர்ந்துபோகும் இதே சிக்கல் 2003 சாம்பியன்ஸ் லீக் இறுதியிலும் வந்தது. மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம், இத்தாலியின் மிலான், யுவென்டஸ். மிலான் மூன்று மாற்றங்களையும் 90 நிமிடத்துக்குள் முடித்துவிட்டது. கோஸ்டகூர்டாவுக்குப் பதிலாக இறங்கிய ரோக்கே ஜூனியருக்கே எக்ஸ்ட்ரா டைமில் காயம். பேருக்குத்தான் பதினொரு பேர். யுவென்டஸ் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட நேரத்தில் தற்காப்பைக் கிழிக்கக்கூடிய நெத்வெத் அரையிறுதியில் வாங்கிய மஞ்சள் அட்டையால் வெளியே உட்கார்ந்திருந்தார். 0-0. பெனால்டி ஷூட்அவுட்டில் மிலான் கோல்கீப்பர் திதா மூன்றைத் தடுத்தார், யுவென்டஸின் புஃபோன் இரண்டை. மிலானின் ஷெவ்சென்கோ கடைசி உதை, 3-2.

ஐரோப்பியப் போட்டிகளில் எக்ஸ்ட்ரா டைமுக்கு நான்காவது மாற்றம் கொடுக்கத் தொடங்கியது 2018-19 சீசனில்தான். அதற்கு முந்தைய இறுதிகளைத் திரும்பப் பார்க்கும்போது யார் எத்தனை மாற்றத்தை மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு பாருங்கள். 75-வது நிமிடத்துக்கு மேல் பயிற்சியாளர் ஏன் தயங்குகிறார் என்பது புரியும்.

*

மாஸ்கோ 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதியையும் விட முடியாது. மான்செஸ்டர் யுனைடெட், செல்சீ. அங்கே மாற்று ஆட்களை மிச்சம் வைத்து ஷூட்அவுட்டுக்கென்றே இறக்கினார்கள்: செல்சீக்கு பெல்லெட்டி, யுனைடெட்டுக்கு ஆண்டர்சன். இருவரும் பெனால்டியைக் கோலாக்கினார்கள். திட்டம் உடைந்தது வேறிடத்தில். 116-வது நிமிடத்தில் யுனைடெட்டின் விதிச்சை அறைந்து செல்சீயின் டிரோக்பா சிவப்பு அட்டை வாங்கினார். அதனால் செல்சீயின் ஐந்தாவது உதை ஜான் டெர்ரிக்குப் போனது.

லுஷ்னிக்கி மைதானத்தில் அடியில் இருந்தது செயற்கைத் தரை. இறுதிப் போட்டிக்காக அதன் மேல் புல் பதித்திருந்தார்கள். மழை வேறு. வலது கால்காரருக்கு உடம்பைத் தாங்குவது பந்துக்குப் பக்கத்தில் ஊன்றும் இடது கால். அது வழுக்கினால் இடுப்பு பின்னால் சாயும், உதைக்கும் கால் பந்தின் கீழ்ப்பகுதியில் படும், திசை வெளியே விலகும். டெர்ரிக்கு நடந்தது அதுவேதான். யுனைடெட் கோல்கீப்பர் வான் டெர் சார் எதிர்ப்பக்கம் பாய்ந்துவிட்டார். கோல் காலியாகக் கிடந்தது, பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஏழாவது உதையில் அனெல்காவைத் தடுத்து யுனைடெட் 6-5. ஈரப் புல்லில் ஓட்டத்தைச் சுருக்கி, கடைசி அடியைக் குட்டையாக வைத்து, ஊன்றும் காலைப் பந்துக்கு நேர் பக்கத்தில் முழுப் பாதமாக வைப்பதுதான் பாதுகாப்பு. மூலைக்குக் குறிவைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

*

இன்னொன்றும் உண்டு: உள்நாட்டு ஆட்டங்களின் கணக்கு. 2021 போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் செல்சீ 1-0 என்று மான்செஸ்டர் சிட்டியை வென்றது. அதற்கு முந்தைய ஆறு வாரத்துக்குள் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியிலும் லீக்கிலும் செல்சீ பயிற்சியாளர் டூகல் ஏற்கெனவே சிட்டியைத் தோற்கடித்திருந்தார். சிட்டி பயிற்சியாளர் கார்டியோலா, தற்காப்பு மிட்ஃபீல்டர்களான ரோட்ரியையும் ஃபெர்னான்டினியோவையும் பெஞ்சில் வைத்து, குண்டோகனைப் பின்னால் நிறுத்தினார். தெரிந்த எதிரியைக் குழப்ப நினைத்து, தன் தற்காப்புக்கு முன்னால் இருந்த காவலை எடுத்துவிட்டார். 42-வது நிமிடத்தில் மவுன்ட் கொடுத்த ஒற்றைப் பாஸ் நடுவே பிளந்துகொண்டு போய் ஹாவர்ட்ஸிடம் சேர்ந்தது.

2025 பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியும் இதே வகைதான். டாட்டன்ஹாம் அந்த சீசனில் மான்செஸ்டர் யுனைடெட்டை லீக்கில் இரண்டு தடவை, லீக் கோப்பையில் ஒரு தடவை வென்றிருந்தது. லீக் பட்டியலில் இரண்டு அணிகளும் அடிமட்டத்தில் இருந்ததால் பலர் அந்த இறுதியை இளக்காரமாகப் பேசினார்கள், அது தவறு. பிரென்னன் ஜான்சனின் 42-வது நிமிட கோலுக்குப் பிறகு டாட்டன்ஹாம் பந்தைப் பெரும்பாலும் எதிரணிக்கே விட்டுவிட்டு, பெனால்டி பெட்டியை மட்டும் காத்தது. யுனைடெட்டின் ஓரத் தாக்குதல்கள் எங்கே முடியும் என்று தெரிந்து வைத்த தற்காப்பு அது. ஒரு தடவை அதுவும் தவறியது: யுனைடெட்டின் ஹோய்லுன்டின் ஹெட்டர் டாட்டன்ஹாம் கோல்கீப்பர் விகாரியோவைத் தாண்டிவிட்டது. டாட்டன்ஹாமின் வான் டி வென் பின்னோக்கி ஓடி, அந்தரத்தில் எகிறி, கோட்டின் மேலிருந்து பந்தைக் காலால் வெளியே தள்ளினார்.