ஏஜியன் கப்பல் பயணத்தில் சாண்டோரினி நீக்கப்பட்டுவிட்டது: இனி என்ன செய்யலாம்?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜூலை கடைசி வாரத்தில் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்கு நானும் என் மனைவியும் அவருடைய அக்காவும் ஜனவரியிலேயே இந்தியாவில் ஒரு முகவர் மூலம் முழுப் பணத்தையும் கட்டிவிட்டோம். மிக்கோனோஸ், சாண்டோரினி, ரோட்ஸ், கிரீட் தீவின் இராக்லியோன் என்று நிறுத்தங்கள் எல்லாமே கிரேக்கத் தீவுகள்தாம். நேற்று கப்பல் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. துறைமுக இட ஒதுக்கீடு மாறியதால் சாண்டோரினி நிறுத்தம் நீக்கப்படுகிறது என்றும், அதற்குப் பதிலாகத் துருக்கியின் குசாதாசியில் கப்பல் நிற்கும் என்றும், மிக்கோனோஸில் தங்கும் நேரம் நான்கு மணி குறைகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரியைத் தவிர வேறு விளக்கம் எதுவும் இல்லை.

என் மனைவிக்கு இந்தப் பயணம் என்றாலே சாண்டோரினிதான். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலண்டரில் வந்த வெள்ளைச் சுவர், நீலக் கூரைப் படத்தை வெட்டியெடுத்து, அடுக்களையில் மசாலா டப்பாக்கள் வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அதன் ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன. மின்னஞ்சல் வந்ததை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பயணத்தையே விட்டுவிட முடியுமா? சாண்டோரினியில் ஒரு காருக்குப் பாதி முன்பணம் அனுப்பியிருக்கிறேன், அது போய்விடுமா? அக்காவுக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. அவரையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள். கப்பல் திரும்பும் அன்றே காலை 11 மணிக்கு ஏதென்ஸிலிருந்து எங்களுக்கு விமானம்.

வடலண்டன்வாசி எழுதியது:

ஐயா, முதலில் உங்கள் மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முடிவெடுக்க உங்களுக்கு இருக்கும் காலம் சில வாரங்கள்தாம். அதில் ஒவ்வொரு நாளும் அவருக்கும் உரியது.

பணத்தைவிட அவசரமான ஒன்று உங்கள் கேள்வியில் விடுபட்டிருக்கிறது. உங்கள் கடவுச்சீட்டில் ஒட்டியுள்ள ஷெங்கன் விசாவை (கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா; துருக்கி அதில் அடங்காது) எடுத்து, எத்தனை முறை உள்ளே நுழையலாம் என்பதைக் குறிக்கும் கட்டத்தைப் பாருங்கள். அதில் 01, 02 அல்லது பலமுறை நுழைவுக்கான ‘மல்ட்’ என்ற குறி இருக்கும். எல்லா நிறுத்தங்களும் கிரேக்கத்துக்குள் இருந்தபோது 01 போதுமானதாக இருந்திருக்கும். இப்போது கப்பல் துருக்கிக்குப் போய்விட்டு மறுபடியும் கிரேக்கத்துக்குள் வருகிறது. அது இரண்டாவது நுழைவாகக் கணக்கிடப்படக்கூடும். குசாதாசியில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டால் சிக்கல் இல்லை என்று நீங்களாகவே முடிவு செய்துவிட வேண்டாம். எந்த விசா இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். புதிய ஷெங்கன் விசா கேட்க நேர்ந்தால், விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க வழக்கமான காலம் 15 நாள். அது 45 நாள் வரை நீளலாம். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குத் துருக்கி இணையவழியிலேயே விசா தருகிறது என்பதால் அந்தப் பக்கம் கவலை குறைவு.

இனிப் பணம். கப்பல் நிறுவனங்களின் ஒப்பந்தம் எதை எடுத்துப் பார்த்தாலும், நிறுத்தங்களை மாற்றவும் நீக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு என்ற பிரிவு இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கப்பல் தாமதமானால் பயணிகளுக்கு இழப்பீடு தரும் சட்டம் ஒன்று 2010இலேயே வந்துவிட்டது. ஆனால் இழப்பீடு பற்றிய அதன் பிரிவு சுற்றுலாக் கப்பல் பயணிகளுக்குப் பொருந்தாது. இங்கே பிரிட்டனில் 2018ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண விதிகளின்படி, புறப்படுவதற்கு முன்பே பயணத்தின் முக்கியமான அம்சம் ஒன்று கணிசமாக மாற்றப்பட்டால், அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளப் பயணிக்கு உரிமை உண்டு. நீங்கள் இந்தியாவில் முகவர் மூலம் வாங்கியிருப்பதால் இந்த விதி உங்களுக்கு நேராகப் பொருந்தாது. என்றாலும், “எல்லா நிறுத்தங்களும் ஒரே நாட்டில் என்பதை நம்பித்தான் அதற்கேற்ற விசா எடுத்தோம்; நீங்கள் செய்த மாற்றத்தால் அந்த விசா பயனற்றுப் போகிறது” என்று முகவர் வழியாக எழுதினால், அது வெறும் ஏமாற்றத்தைச் சொல்லும் கடிதத்தைவிடப் பலமடங்கு வலுவான வாதம். தொலைபேசியில் கோபப்படுவதால் ஒரு பயனும் இல்லை என்பதை நான் என் பணத்தை இழந்து கற்றுக்கொண்டேன்.

காருக்கு அனுப்பிய முன்பணத்தைப் பற்றி இன்றே அந்த உரிமையாளருக்கு எழுதுங்கள். ஐந்தாறு வாரம் முன்னதாகச் சொன்னால் பெரும்பாலானோர் திருப்பித் தருவார்கள். முதல் நாள் இரவு சொன்னால் தரமாட்டார்கள், அதில் அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது. காப்பீட்டைப் பொறுத்தவரை, அறிவிப்பு வந்த பிறகு எடுக்கும் காப்பீடு, ஏற்கெனவே தெரிந்துவிட்ட மாற்றத்துக்கு உதவாது.

கொற்கைமாலுமி எழுதியது:

நான் தூத்துக்குடிக்காரன். 31 ஆண்டுகள் கடலில் இருந்தேன். அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகள் பயணிகள் கப்பலில், மேல்தளப் பணியில். சாண்டோரினி உங்கள் பட்டியலில் நீக்கப்படாமல் இருந்திருந்தாலும், ஜூலை கடைசியில் அங்கே இறங்கியிருப்பீர்கள் என்று யாராலும் உறுதி சொல்லியிருக்க முடியாது. அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தத் தீவு ஓர் எரிமலையின் விளிம்பு. நடுவிலே கடல் நிறைந்திருக்கும் பள்ளம் பல இடங்களில் 300 மீட்டருக்கும் மேல் ஆழம் என்பதால், பெரிய கப்பல்கள் வழக்கமான முறையில் நங்கூரம் போட முடியாது. எந்திரத்தை ஓடவிட்டு நின்ற இடத்திலேயே கப்பலைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். தீவின் முக்கிய ஊரான ஃபிராவில் கப்பல் அணையும் மேடை கிடையாது. ஊர்ப் படகுகள் கப்பலின் பக்கவாட்டுக்கு வந்து, பயணிகளை ஏற்றிக்கொண்டு பாறைச் சரிவின் அடியிலுள்ள பழைய துறைமுகத்தில் விடும். அங்கிருந்து கேபிள் காரில் ஏற வேண்டும். இல்லையென்றால் 580க்கும் மேற்பட்ட படிகள். ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று உச்சவரம்பு வைத்தும், கேபிள் கார் வரிசை வெயிலில் மணிக்கணக்கில் நீளும் நாட்கள் உண்டு.

காற்றைப் பற்றி நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற அதே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வாடைக் காற்று வீசுகிறது. அது மழையோடு வருவதில்லை. வானம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாய் உடைந்துகொண்டிருக்கும். பயணிகள் மேல்தளத்தில் நின்று, “இவ்வளவு நல்ல வெயிலில் ஏன் இறக்கமாட்டேன் என்கிறார்கள்?” என்று கேட்பார்கள். பன்னிரண்டு மாடி உயரக் கப்பலின் பக்கவாட்டு முழுவதும் ஒரு பாய்மரம்போலக் காற்றை வாங்குகிறது என்பது அங்கிருந்து பார்த்தால் தெரியாது.

படகில் ஏறும் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். கப்பலின் மேடை அசையாமல் இருக்கும். படகு ஒரு மீட்டர் ஏறும், ஒரு மீட்டர் இறங்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு, படகு மேடையின் மட்டத்துக்கு வரும் அந்த நொடியில் “இப்போது” என்போம். அந்த நொடியில் காலை எடுத்து வைத்துவிட வேண்டும். முழங்கால் வலியுள்ள ஓர் அம்மா அரை நொடி தயங்கினால் படகு கீழே போய்விடும். கேப்டன் யோசிப்பது காலையில் இறக்குவதைப் பற்றி மட்டுமன்று. காலையில் இறக்கிய மூவாயிரம் பேரையும் மாலைக் காற்றில் திரும்ப ஏற்ற முடியுமா என்பதுதான் அவருக்குப் பெரிய கேள்வி. அந்த முடிவை எடுத்துவிட்டுப் பயணிகளின் வசவைக் கேட்டுக்கொண்டு நின்ற கேப்டன்களை நான் மதிக்கிறேன்.

எல்லா மாற்றமும் காற்றால் வருவதில்லை என்பதும் உண்மைதான். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சுற்றுலாக் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல், அது கரையைப் பார்த்தபடியே திரும்பியது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, சூயஸ் வழியாகப் போக வேண்டிய கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. கப்பலில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தாலும் அருகிலுள்ள துறைமுகத்தை நோக்கித் திரும்பத்தான் செய்வோம்.

குசாதாசியைக் குறைவாக நினைக்காதீர்கள். கப்பல் அங்கே மேடையோடு அணைந்துவிடும். அக்கா நடந்தே இறங்கலாம். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் எபேசு இருக்கிறது, பைபிளில் பவுல் நிருபம் எழுதியது அந்த ஊர் மக்களுக்குத்தான். மேல்வாசலில் இறக்கிவிடச் சொல்லிச் சரிவிலேயே கீழே நடந்து வந்தால் முழங்காலுக்குச் சிரமம் குறையும். ஆனால் பளிங்குக் கல் வழுக்கும், நிழலும் கிடையாது. காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள்.

செம்பவாங்வாசி எழுதியது:

என் அனுபவம் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வந்த பயணம். ஆகஸ்ட் மாதம். அம்மாவுக்கு அப்போது 74 வயது. புக்கெட்டில் பாத்தோங் கரைக்கும் படகில்தான் போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே அலை அதிகம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மா விடிகாலை ஐந்து மணிக்கே குளித்து, சேலை கட்டி, தண்ணீர்ப் பாட்டிலும் பிஸ்கட்டும் வைத்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிட்டார். ஆறரை மணிக்கு இறக்க முடியாது என்று அறிவித்தார்கள். கப்பல் மெதுவாகத் திரும்பியபோது கரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்து எனக்கு ஒன்று கொடுத்தார். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் நேராக வரவேற்பு மேசைக்கு ஓடி, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். அந்த இரண்டு மணி நேரம்தான் நான் உண்மையில் இழந்தது. கப்பல் மூலமாகப் பதிவு செய்த சுற்றுலாக்களின் பணமும் துறைமுகக் கட்டணமும் யாரும் கேட்காமலேயே அறைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. வெளியில் நான் தனியாக ஏற்பாடு செய்த வண்டிக்கான பணம் வரவில்லை. நான் வரிசையில் நின்ற நேரத்தில் அம்மா ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியோடு பழகி, மாலை வரை பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த பிப்ரவரியில், கடல் அடங்கியிருக்கும் காலம் பார்த்து, விமானத்தில் புக்கெட்டுக்கு அம்மாவை அழைத்துப்போய் மூன்று இரவு தங்கினோம். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன், ஐயா. உங்கள் மனைவி எட்டு ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஓர் ஊரை, கப்பல் ஆறு மணி நேரம் நிற்கிறதா இல்லையா என்பதற்கு விட்டுவிடாதீர்கள். ஏதென்ஸிலிருந்து சாண்டோரினிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பிரேயஸிலிருந்து படகும் உண்டு. கப்பல் பயணம் முடிந்த பிறகு அங்கே இரண்டு இரவு தங்குங்கள். மாலையில் கப்பல் கூட்டம் இறங்கிப் போன பிறகுதான் அந்த ஊர் அமைதியாகும் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்.

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

முதல் பதிலைப் படித்த இரவே மனைவியிடம் சொல்லிவிட்டேன். மின்னஞ்சலை இரண்டு முறை படித்தார். “இதை நாலு பேரிடம் கேட்டுவிட்டு, என்னிடம் கடைசியில் சொல்கிறீர்களே” என்பதுதான் அவருடைய வருத்தமாக இருந்தது, அது நியாயம். விசாவைப் பார்த்தோம். மூன்று பேருக்கும் 01. பலமுறை நுழையும் விசா கட்டாயம் என்று நிறுவனம் எழுத்தில் உறுதிப்படுத்திவிட்டது. முகவர் வழியாக எழுதிய கடிதத்துக்கு, புதிய விசா கிடைக்காவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக நேற்று பதில் வந்திருக்கிறது. விண்ணப்பத்துக்கு வரும் திங்கட்கிழமை நேரம் கிடைத்துள்ளது. கார் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பவில்லை, ஆனால் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்.

அந்தத் தேதியும் முடிவாகிவிட்டது. ஊர் திரும்பும் விமானத்தை மூன்று நாள் தள்ளிப்போட்டு, கப்பலிலிருந்து இறங்கியதும் சாண்டோரினியில் இரண்டு இரவு, பிறகு ஏதென்ஸில் ஒரு இரவு என்று வைத்திருக்கிறோம். அக்காவுக்கு விமானத்தைவிடப் படகில் போகவே விருப்பம். கொற்கைமாலுமி ஐயாவிடம் ஒரு கேள்வி: ஐந்து மணி நேரத்தில் போகும் வேகப் படகா, எட்டு மணி நேரம் எடுக்கும் பெரிய கப்பலா, எதில் பதிவு செய்யட்டும்?

கொற்கைமாலுமி எழுதியது:

பெரிய கப்பலிலேயே பதிவு செய்யுங்கள். வாடை வலுத்தால் வேகப் படகுகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஓடினாலும் அக்காவுக்குக் குமட்டல் வரும். நடுத்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. காற்று மிகவும் பலத்தால் துறைமுக அதிகாரிகள் எல்லாவற்றையுமே நிறுத்திவிடுவார்கள், ஆகையால் திரும்பி வரும்போது ஏதென்ஸில் வைத்திருக்கும் அந்த ஓர் இரவை எதற்காகவும் குறைத்துவிடாதீர்கள். பள்ளத்துக்குள் கப்பல் நுழையும்போது மூன்று பேரும் வெளித்தளத்துக்கு வந்து நில்லுங்கள். பாறையின் மேல் வெள்ளை வீடுகள் தெரியத் தொடங்கும் இடத்தை உங்கள் மனைவி அங்கிருந்துதான் முதலில் பார்க்க வேண்டும்.