ஹெட்போன் பைத்தியங்களில் யார் பேச்சைக் கேட்டு வாங்குவது?

டிக்கோயா_இரவுப்பறவை:

எல்லாருக்கும் வணக்கம். ஹெட்போன் வாங்க ஆலோசனை கேட்கலாம் என்று ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன், இப்போது தலை சுற்றுகிறது. ஒருவர் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று கோடு கோடாகப் படம் போட்டு 3 கிலோஹெர்ட்ஸில் பள்ளம் என்கிறார். இன்னொருவர் கோட்டை விடு, காதை நம்பு என்கிறார். வேறொருவர் ஒரு செட்டை வாங்கிய வேகத்திலேயே குழுவில் விற்கிறார், விற்கும்போது மட்டும் அதன் அருமை பெருமையெல்லாம் வாயில் வருகிறது. கேபிளை மாற்றினால் பாட்டே வேறு என்று சத்தியம் செய்கிற ஒருவரும் உண்டு. எல்லாரும் நல்ல மனிதர்கள்தான், கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், ஆனால் ஒருவர் ஆஹா என்பதை மற்றவர் குப்பை என்கிறார்.

என் நிலவரம்: வீடு தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடு, பக்கத்துக் காம்பராவில் இருமினால் எங்களுக்குக் கேட்கும். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் பாட்டு, அதுவும் போனில். இப்போது பாவிப்பது போனோடு வந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ. 25,000 ரூபா சேர்த்து வைத்திருக்கிறேன், அதற்கு மேல் ஒரு சதமும் கிடையாது. மாடல் பெயர் பிறகு சொல்லுங்கள். முதலில் இந்த ஆட்களில் யார் பேச்சை எதற்கு எடுப்பது என்று சொல்லுங்கள்.

பண்டாரவளை_சோல்டர்:

தம்பி, நான் ரேடியோ, ஆம்ப், ஹெட்போன் எல்லாம் பழுது பார்க்கிறவன். ஒருவர் எந்த ரகம் என்று குழுவில் அவர் எழுதுவதைப் பார்த்துச் சொல்ல முடியாது. என் மேசைக்கு எதைக் கொண்டுவந்து வைக்கிறார் என்று பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சேர்த்து வைக்கிறவரை எடுங்கள். வாங்கியதைப் பெட்டியோடு, அந்தப் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் அலமாரியில் வைத்துவிடுவார். ஒரு நாள் ஆசையாக எடுத்து மாட்டினால் காதுப் பஞ்சின் மேல்தோல் கறுப்புப் பொடியாக உதிர்ந்து கன்னம், காலர் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். "பாவிக்கவே இல்லையே அண்ணே" என்று அழாக்குறையாக வருவார். பாவிக்காவிட்டாலும் அது உதிரத்தான் செய்யும். அந்தச் செயற்கைத் தோல் பாலியூரித்தேன், காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே பிரித்துக்கொண்டு வரும். மழைக்காலத்தில் நம் ஊர் அலமாரியில் தோல் செருப்பே பூத்துப்போகிறது, இது எம்மாத்திரம்? ஒருவர் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் நிலைமின் (எலக்ட்ரோஸ்டாட்டிக்) ஹெட்போன் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், 580 வோல்ட் நிலையான மின்னழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வை ஆட்டுகிற சாமான். நுவரெலியா மூடுபனியில் அதை எங்கே வைப்பார் என்று எனக்கு இப்போதே கவலை. ஆனாலும் இவரிடம் ஒரு பிரயோசனம் உண்டு. கோஸ் போர்ட்டா புரோ 1984, சோனி எம்டிஆர்-வி6 1985, 7506 வந்தது 1991 என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார், எந்தப் பதிப்பில் எதை மாற்றினார்கள் என்பதும் அத்துபடி. எப்படிக் கேட்கும் என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள், அவர் கேட்டிருக்க மாட்டார்.

ஒரே செட்டோடு காலம் தள்ளுகிறவர் இவருக்கு நேர் எதிர். என்னிடம் வருகிற ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் இருக்கிறார், சென்ஹைசர் எச்டி 600 வைத்திருக்கிறார். 1997இல் வந்த மாடல், கேபிள், பஞ்சு, தலைப்பட்டை எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். அவருடைய தலைப்பட்டைக்கு வீட்டம்மா பச்சைக் கம்பளி நூலில் உறை பின்னிப் போட்டிருக்கிறார், அதைக் கழற்றாமல்தான் வேலை செய்ய வேண்டும் என்பது உத்தரவு. அவருக்கு வேறு எதோடும் ஒப்பிடத் தெரியாது, வேறு எதுவும் அவர் காதில் ஏறியதில்லை. ஆனால் ஒரு சாமான் எத்தனை காலம் தாங்கும், எந்த இடம் முதலில் விடும் என்று தெரிய வேண்டுமானால் இவரைப் போன்றவரிடம்தான் போக வேண்டும்.

வாங்கி விற்கிறவரை எல்லாரும் கேலி செய்கிறார்கள், எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது புதுச் சாமான் கைக்கெட்டாமல் போனது, அப்போது நம் பக்கத்து ஆட்கள் காதில் எதையாவது மாட்ட முடிந்ததென்றால் இவர்களைப் போன்றவர்கள் கைமாற்றி விட்டதால்தான். எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்த காது, அதனால் ஒப்பிட்டுச் சொல்ல இவரை விட்டால் ஆளில்லை. ஒரு நிபந்தனை, அவர் விற்று முடித்ததைப் பற்றி மட்டும் கேளுங்கள். கையில் இருப்பதைப் பற்றிக் கேட்டால் விளம்பரம்தான் வரும்.

கேபிள்காரருக்கு ஒரு வரி போதும்: அறுந்த கேபிளை மாற்றினால் பாட்டு நிச்சயமாக மாறும்.

பேராதனை_டெசிபல்:

கோடு காட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள் அண்ணே. அந்த 3 கிலோஹெர்ட்ஸ் கதை சும்மா அலட்டல் இல்லை. நம் காதுக் குழாயே கிட்டத்தட்ட அந்த இடத்தில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது, ஸ்பீக்கரில் கேட்கும்போது நமக்கு அது பழகிப்போன விஷயம். ஹெட்போன் அந்த இடத்தில் தூக்காவிட்டால் பாடுகிறவர் அடுத்த அறைக்குப் போய்ப் பாடுவதுபோல் இருக்கும். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷோன் ஒலிவும் கூட்டாளிகளும் 2013 வாக்கில் தொடங்கி வெளியிட்ட ஆய்வுகளில், எந்த ஹெட்போன் என்று தெரியாமல் ஆட்களைக் கேட்க வைத்தார்கள். பெரும்பாலானவர்களின் விருப்பம் ஒன்றுக்கொன்று கிட்டத்தான் இருந்தது. அப்படி வந்ததுதான், எப்படி ஒலித்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும் என்று காட்டுகிற, எல்லாரும் சொல்கிற ஹார்மன் கோடு. காதை நம்பு என்கிறவருக்கும் இதுதான் பதில், காதை நம்பித்தானே அந்தக் கோட்டையே போட்டார்கள்!

எங்களுக்குள்ளேயும் இரண்டு சாதி உண்டு, மறைக்க மாட்டேன். ஒருவர் விளங்கிக்கொள்ள அளக்கிறார், இன்னொருவர் சண்டை பிடிக்க அளக்கிறார். இரண்டாமவரிடம் கடைசியாக எந்தப் பாட்டை முழுதாகக் கேட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வராது. தலையை எவ்வளவு இறுக்கும், கண்ணாடிச் சட்டம் பஞ்சைத் தூக்கி பேஸை, அதாவது அடித்தொனியை, ஒழுக விடுமா என்பதையெல்லாம் கோடு சொல்லாது.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு ரகம், 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் உயர்தரக் கோப்பு இல்லாமல் தொடமாட்டேன் என்கிறவர். ஒருவர் அப்படி ஒரு பழைய பாட்டுத் தொகுப்பைப் பெருமையாகக் கொடுத்தார், ஸ்பெக்ட்ரம் பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்த மாதிரி வெறுமை. 128 கேபிபிஎஸுக்குச் சுருக்கிய எம்பி3யைப் பெரிய கோப்பாக ஊதியிருக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, மனிதர் சந்தோஷமாக இருக்கிறார்.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், சோல்டர் அண்ணன் சொன்ன எச்டி 600 உங்களுக்குச் சரிவராது. அதன் மின்தடை 300 ஓம், பல போன்களுக்கு அது பாரம். அதோடு பின்பக்கம் திறந்த செட், நீங்கள் கேட்கிற பாட்டு பக்கத்துக் காம்பராவுக்கும் போகும். 16 முதல் 32 ஓம் வரையுள்ள மூடிய செட் ஒன்றோ, காதுக்குள் செருகுகிற நல்ல இயர்போன் ஒன்றோ பாருங்கள்.

கொட்டகலை_டீச்சர்:

எல்லாரும் சாமானை வைத்து ஆளைப் பிரிக்கிறீர்கள், நான் சுவரை வைத்துப் பிரிப்பேன். காதை நம்பு என்கிற அந்த மனிதருக்கு நிச்சயம் தனி அறை இருக்கும், கதவும் இருக்கும். திறந்த செட்டில் மேடை விரிகிறது, காற்று வருகிறது என்று எழுதுகிறவர் பெரும்பாலும் இரவில் யாரையும் எழுப்பிவிடுவோமோ என்று பயப்படத் தேவையில்லாதவர். அதே ஆளைத் தினமும் ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், அடுத்த மாதமே இரைச்சல் நீக்கும் செட்டின் பக்தராகிவிடுவார். ஆகவே தம்பி, ஆலோசனை சொல்கிறவரிடம் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று கேளுங்கள்.

எங்கள் அப்பா காலத்தில் லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் போதும். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் குரல் வந்தால் வரிசை முழுக்கக் கேட்கும், மெல்லிய சுவர் அப்போது வசதியாக இருந்தது. இப்போது ஆளுக்கொரு பாட்டு, அதே சுவர் தொல்லையாகிவிட்டது.

என்னுடைய பரீட்சையைச் சொல்கிறேன். காமன் கூத்தில் தப்படிப்பதைப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன், எந்தச் செட் கிடைத்தாலும் முதலில் அதைத்தான் போடுவேன். நல்ல செட்டில் குச்சி பட்டதும் வருகிற அந்த 'சடக்', அதற்குப் பின்னால் தோல் அதிர்கிற சத்தம், இரண்டும் தனித்தனியாகக் கேட்கும், நெருப்பில் காய்ச்சிய தப்பா, தொய்ந்ததா என்பது வரை தெரியும். மோசமான செட்டில் எல்லாம் சேர்ந்து தகரம் தட்டியதுபோல் ஒன்றாகிவிடும். நீங்களும் உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு சத்தத்தை வைத்துச் சோதியுங்கள்.

ஒன்று கவனம், வெளிச்சத்தம் உள்ளே வந்தால் நம்மை அறியாமலே வொல்யூமைக் கூட்டுவோம். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 போனால் 4 மணித்தியாலம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் சுவருக்கு, காதை நன்றாக அடைக்கிற செட்தான் சரி.

டிக்கோயா_இரவுப்பறவை:

ரொம்ப நன்றி டீச்சர், நன்றி அண்ணே, தம்பிக்கும். இயர்போன் நீண்ட நேரம் செருகினால் எனக்குக் காது வலிக்கிறது, அதனால் மூடிய ஹெட்போன்தான். குழுவில் விற்கிறவரிடம் பாவித்த பேயர்டைனமிக் டிடி 770 புரோ, 32 ஓம் ஒன்று இருக்கிறதாம், நான் சொன்ன காசுக்குள்ளே தருகிறேன் என்கிறார், ஹட்டன் பஸ் நிலையத்தில் சந்திக்கலாம் என்கிறார். அண்ணே, இன்னும் விற்று முடிக்காத சாமான் இது, அவரிடம் என்ன கேட்பது?

பண்டாரவளை_சோல்டர்:

ஒன்றும் கேட்காதீர்கள், போட்டுப் பாருங்கள். அந்த 32 ஓம் செட்டின் காதுப் பஞ்சுக்கும் செயற்கைத் தோல்தான், உரியத் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், பூஞ்சணம் பிடித்திருந்தால் வாசம் காட்டிக்கொடுக்கும். எத்தனை ஓம் என்று செட்டிலேயே எழுதியிருக்கும், 80, 250 என்றும் வருவதால் அதைக் கண்ணால் பாருங்கள். பாட்டு ஓடும்போது பிளக் பக்கத்திலும் காதுக்குள் நுழைகிற இடத்திலும் கேபிளை மெல்ல வளையுங்கள், ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்தச் செட்டில் கேபிள் கழற்ற வராது, சோல்டர் பிடித்துத்தான் மாற்ற வேண்டும். பிறகு 30 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறுகிற ஒரு டோனைப் போடுங்கள், 'கிர்ர்' என்று உதறினால் உள்ளே தலைமுடி விழுந்திருக்கும், அதைச் சுத்தம் செய்யலாம், பயப்பட வேண்டாம். இதையெல்லாம் பஸ் இன்ஜின் சத்தத்தில் செய்ய முடியாது. பக்கத்தில் ஒரு தேநீர்க் கடைக்குள் கூட்டிப்போங்கள், டீக்காசு அவருடையது.