ஆளில்லா டிரில் ரிக்: எல்லாச் சுரங்கத்துக்கும் சரிவருமா?

சரவெடி:
ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் ரியோ டின்டோ சுரங்க நிறுவனத்தின் வெடித்துளை ரிக்குகளை, அதாவது வெடிமருந்து நிரப்பப் பாறையில் துளை போடும் இயந்திரங்களை, சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, பெர்த் நகரிலிருந்து இயக்குகிறார்கள். ஒருவரே பல ரிக்குகளைக் கவனிக்கிறார். திறந்தவெளிச் சுரங்கம் எல்லாவற்றுக்கும் இது வர வேண்டும். முதல் வரிசைத் துளைக்கு ரிக் பெஞ்ச் (சுரங்கத்தில் படிபோல் வெட்டிய தளம்) விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். விளிம்பு சரிந்தால் கேபினில் இருப்பவரும் சேர்ந்து கீழே போவார். சிலிக்கா தூசி வேறு. அங்கே எதற்கு ஒரு மனிதர்?

பாறைக்கண்ணன்:
எல்லாவற்றுக்கும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. பில்பாராவில் பெஞ்ச் அகலம், ஒரே அமைப்பில் வரிசை வரிசையாகத் துளைகள். உடைந்த பாறையும் ஊற்றுநீருமாக இருக்கும் சின்னக் குழிக்கு வந்து பாருங்கள். துளையிடும் ராடு அதிர்வதையும் காற்றோடு மேலே வரும் துகளையும் வைத்தே நல்ல ஆபரேட்டர் பாறையைப் படித்துவிடுவார். பிட் (ராடின் நுனியில் பாறையை உடைக்கும் முனை) சிக்குவதற்கு முன்பே தூக்கிவிடுவார்.

சரவெடி:
சுழற்சி முறுக்கு, அழுத்தம், பிட் இறங்கும் வேகம் எல்லாவற்றையும் ரிக்கும் அளக்கிறது. முறுக்கு எகிறினால் தானே பிட்டைத் தூக்கிவிட்டு மறுபடி இறக்குகிறது. எந்த ஆழத்தில் பாறை கெட்டி என்பது பதிவாகிவிடுவதால் வெடிமருந்தை அதற்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ முடிகிறது. ஆபரேட்டர் படித்ததோ ஷிப்ட் முடிந்ததும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

டேப்காரன்:
நான் சார்ஜிங் வேலையில், அதாவது துளைகளில் வெடிமருந்து நிரப்பும் வேலையில், இருப்பவன். துளை போட்ட பிறகு வாய் சரிந்து அடைபடும், தண்ணீர் ஏறும். ஒவ்வொரு துளையிலும் டேப் விட்டு ஆழம் பார்ப்பது நாங்கள்தான், அதே விளிம்பில் நடந்து. ரிக்கிலிருந்து ஆளை இறக்கியதுமே பெஞ்ச் பாதுகாப்பாகிவிட்டதென்று நிர்வாகம் நினைத்தால் ஆபத்து எங்களுக்குத்தான்.

சரவெடி:
நியாயம் அண்ணா. ஆனால் ஜிபிஎஸ் பிடித்துத் திட்டமிட்ட இடத்திலேயே துளை விழுந்தால் வெடிக்கும்போது கல் பறப்பதும் குறையும். அது உங்களுக்கும் நல்லதுதானே?

பாறைக்கண்ணன்:
திட்டம் போட்ட பிறகு பெஞ்ச் முகப்பு (முன்பக்கச் செங்குத்துப் பாறைச் சுவர்) உடைந்து விழுந்திருந்தால்? முன்னால் பாறை மெலிந்திருப்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. அதே இடத்தில் துல்லியமாகத் துளை போட்டு, அதே அளவு மருந்தும் நிரப்பினால் கல் பறக்கத்தான் செய்யும். ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னால் முகப்பை ஸ்கேன் செய்வார்களா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சரவெடி:
ஸ்கேன் செய்யாமல் முதல் வரிசையைத் தொடவே கூடாது. ஸ்கேன் வசதி இல்லாத சுரங்கத்தில் அந்த வரிசையை மட்டும் ஒருவர் முகப்பை நேரில் பார்த்துவிட்டு, விளிம்பிலிருந்து தள்ளி நின்று ரிமோட்டில் போடட்டும். கேபினுக்குள் மட்டும் வேண்டாம்.

பாறைக்கண்ணன்:
முதல் வரிசைக்குச் சரி. உடைந்த பாறைக்கு இன்னும் என் ஓட்டு ஆபரேட்டருக்குத்தான்.