பெரியம்மை வைரஸை அழிப்பதா, காப்பதா?

கயல்விழி:
இயற்கையாகப் பரவிய பெரியம்மை 1977-இல் சோமாலியாவில் முடிவுக்கு வந்தது. 1980-இல் அந்நோய் ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் அந்த வைரஸ் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் இன்றும் உறைநிலையில் காக்கப்படுகிறது. 1999 ஜூனில் அழிப்பதாகக் குறித்த நாள் தள்ளிப்போடப்பட்டது. அதன்பிறகும் முடிவு எட்டப்படவில்லை. 1978-இல் பர்மிங்காமில், பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்த வைரஸ் தொற்றி அங்கு பணியாற்றிய பெண்மணி ஒருவர் இறந்தார். கசிவுக்கான வாய்ப்பு எவ்வளவு என்று எவராலும் கணக்கிட முடியாது. ஆனால், தடுப்பூசி நிறுத்தப்பட்டபின் பிறந்த தலைமுறைகளுக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்பது உறுதி. அவர்களைக் கேட்காமல் இந்த ஆபத்தை அவர்கள் தலையில் சுமத்த நமக்கு உரிமை இல்லை.

இளஞ்செழியன்:
வைரஸ் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2014-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், பழைய ஆய்வகக் குளிரறை ஒன்றில் எவர் நினைவிலும் இல்லாத குப்பிகள் கிடைத்தன. சிலவற்றில் வைரஸ் உயிர்ப்புடன் இருந்தது. கனடா ஆய்வாளர்கள், விலைக்கு வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளை இணைத்து, பெரியம்மைக்கு உறவான குதிரையம்மை வைரஸை உருவாக்கியதை 2018-இல் வெளியிட்டார்கள். பெரியம்மையின் மரபணு வரிசையோ 1990-களிலேயே வெளியாகிவிட்டது. நாம் அழித்தால் நம்மிடம் உள்ளது மட்டுமே அழியும். ஆபத்து அப்படியே இருக்கும், மருந்துகளைச் சோதிக்கும் வழி அடைபடும். எதிர்காலம் தெரியாதபோது, திரும்பப் பெற முடியாத செயலைத் தவிர்ப்பதே பொறுப்பு.

கயல்விழி:
குதிரையம்மைச் சான்று உங்கள் வாதத்துக்கே எதிராக நிற்கிறது. வரிசையைக் கொண்டு வைரஸை மீண்டும் உருவாக்க முடியுமென்றால், அழிப்பது திரும்பப் பெற முடியாத செயல் அல்ல. கசிந்து பரவிய நோயில் இறந்தவர்களைத்தான் எவராலும் மீட்க முடியாது.

மருத்துவர் அரசு:
இருவரும் மருந்தின் நிலையையும் பார்க்க வேண்டும். பெரியம்மைக்கென அமெரிக்கா 2018-இல் டெகோவிரிமாட் என்ற மருந்தை ஏற்றபோது, அதன் பயனுக்குச் சான்றாக இருந்தவை விலங்குச் சோதனைகளே. 2024-இல் முடிவு வெளியான காங்கோ ஆய்வில், பெரியம்மைக்கு உறவான குரங்கம்மையின் புண்கள் ஆறும் காலத்தை அது குறைக்கவில்லை. ஆகவே வேறொரு மருந்தும் தேவை என்ற வாதம் வலுவானது.

கயல்விழி:
அதை ஏற்கிறேன், மருத்துவரே. அப்படியானால் எந்த மருந்து, எந்தச் சோதனை, எந்த ஆண்டுக்குள் என்று எழுதி வைக்கட்டும். அந்த ஆண்டு வந்ததும் அழிக்கட்டும். நிபந்தனையே சொல்லாமல் ஒத்திவைப்பதும் ஒரு முடிவுதான். அதற்கு எவரும் பொறுப்பேற்கவில்லை என்பதே என் எதிர்ப்பு.

இளஞ்செழியன்:
நிபந்தனையை எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆண்டைக் குறிப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஆய்வு தோற்றாலும் அந்த நாளில் அழித்தாக வேண்டுமா என்பதற்கு நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை.