அப்டேட்: ஒர்க் ஃப்ரம் ஹோம் சேல்ஸ் வேலை, பிடிச்ச பிஎஃப் ஏறிடுச்சு

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. வீட்லேருந்து டெலிகாலிங் பண்ற வேலை, பேஸ்லிப்ல பிஎஃப் பிடிச்சதா இருக்கு ஆனா பாஸ்புக்ல ஒண்ணும் ஏறலன்னு கேட்டிருந்தேன்ல, அது முடிஞ்சுது.

நீங்க சொன்ன மாதிரி ஹெச்ஆருக்கு மெயில் போட்டேன், "வில் செக்"னு ஒரு வரி வந்துச்சு, அவ்ளோதான். வேலை செஞ்சது இபிஎஃப் கிரீவன்ஸ் போர்ட்டல்தான், அதாவது பிஎஃப் ஆபீஸோட புகார் வெப்சைட். யுஏஎன் (நம்ம பிஎஃப் நம்பர்) போட்டு, ஓடிபி வாங்கி, பேஸ்லிப்பும் அதே மாச பாஸ்புக்கும் பிடிஎஃப்பா சேத்து, பிடிச்ச காச அடுத்த மாசம் 15-ந் தேதிக்குள்ள கம்பெனி கட்டணும், ஆனா கட்டலன்னு ரெண்டே வரி எழுதினேன். சும்மா கெடந்துச்சு, ரிமைண்டர் அனுப்பின பிறகுதான் நகர்ந்துச்சு. அப்புறம் பாருங்க, கால் பண்ணா எடுக்காத ஹெச்ஆர் அவங்களே கூப்ட்டு "ஏன் மேடம் அங்கெல்லாம் போறீங்க"ங்கறாங்க! பாக்கி மாசம் எல்லாம் மொத்தமா ஏறிடுச்சு.

எதிர்பாக்காதது ஒண்ணு: இன்சென்டிவுக்கு, அதாவது வித்ததுக்கு வர்ற கமிஷனுக்கு, பொதுவா பிஎஃப் கெடையாதாம், சட்டத்துலயே அத பொதுவா கணக்குல எடுக்க மாட்டாங்களாம். நமக்கு பாதி சம்பளமே அதுதான். சேல்ஸ்ல சேர்றவங்க ஆஃபர் லெட்டர்ல பேசிக் (அடிப்படை சம்பளம்) எவ்ளோன்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

வேலை பாக்குறோமான்னு கண்காணிக்க லஞ்ச் பிரேக்லயும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்குற கம்பெனி ஆப் மட்டும் அப்படியேதான் ஓடுது.